பழைய மென்பொருள், மூன்றே பேர்: தொடர்வதா, இழுத்து மூடுவதா?

கேள்வி: 2006-இல் ஒருவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் ஒன்றை நானும் நண்பர்கள் இருவரும் கவனித்து வருகிறோம். ஆய்வகக் கருவிகள் தரும் அளவீட்டுக் கோப்புகளைத் திறந்து வரைபடம் போட்டுத் தரும் டெஸ்க்டாப் நிரல் அது. சி++ மொழியில், திரைச் சாளரங்களை வரையும் க்யூட்டி என்ற நூலகத்தின் 4-ஆம் பதிப்பை வைத்து எழுதியது. தொடங்கியவர் விலகிப் பல வருடமாகிறது. இணையதள முகவரி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. எங்கள் மூவருக்குமே முழுநேர வேலை உண்டு. கடைசி வெளியீடு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. திறந்து கிடக்கும் வழுக்கள் (பிழைப் புகார்கள்) 1,100-ஐத் தாண்டிவிட்டன. க்யூட்டி 5-க்கு மாற்றும் வேலை நிரலின் ஒரு தனிக் கிளையில் (தனிப் பிரதியில்) பாதியில் நிற்கிறது. நிரல் என் கணினியில் மட்டும்தான் ஒழுங்காக பில்ட் ஆகிறது (மூலநிரலில் இருந்து ஓடும் நிரலாகிறது). எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதலாம் என்கிறார் எங்களில் ஒருவர். இதற்கிடையே முகம் தெரியாத ஒருவர் இரண்டு மாதமாக நல்ல பேட்ச்கள் (திருத்தங்கள்) அனுப்புகிறார், அவற்றைத் தானே நிரலில் சேர்க்கும் கமிட் அனுமதியும் கேட்கிறார். பயனர்களோ ‘திட்டம் செத்துவிட்டதா?’ என்று கேட்டபடி இருக்கிறார்கள். நன்கொடை கேட்டு ஆள் வைக்கலாமா? அல்லது கௌரவமாக மூடிவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தில் ஏழெட்டுப் பிரச்சினைகள் இருக்கின்றன. அவற்றில் என்னை உறுத்தியது ஒரே ஒரு வரிதான்: என் கணினியில் மட்டும்தான் பில்ட் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது. 1,100 வழுக்கள், க்யூட்டி 4, ஆள் பற்றாக்குறை எல்லாமே இதற்குப் பிறகுதான். பழைய மென்பொருள்களைப் பராமரிப்பதுதான் என் தொழில். ஆள் குறைந்ததால் செத்த திட்டங்களைவிட, வெளியீடு போட முடியாமல் செத்த திட்டங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மூன்று பேர் என்பது குறைவே இல்லை. ஏறக்குறைய எல்லாக் கைபேசிகளுக்குள்ளும் இருக்கிற எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை எழுதுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2050 வரை பராமரிப்பதாக அவர்கள் திட்டமிட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் உண்டு, உங்களுக்கு இல்லை. அது பெரிய வித்தியாசம்தான். ஆனாலும் தலைகளை எண்ணி ஒரு திட்டத்தின் ஆயுளைச் சொல்லிவிட முடியாது என்பது இதில் தெரியும்.

மறுபக்கம் அப்பாச்சி ஓப்பன்ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளைப் பாருங்கள். 2016 ஜூலையில் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக அறிவிப்பு வந்தது. அதை அடைக்கத் தேவையான மூலநிரல் மாற்றம் தயாராக இருந்தது. ஆனால் சாதாரணப் பயனர் இறக்கி நிறுவக்கூடிய 4.1.3 பதிப்பு வந்தது அக்டோபரில்தான். இடையில் ஆகஸ்டில் ஒரு திருத்தக் கோப்பைக் கொடுத்து, பயனர்களையே கையால் பொருத்திக்கொள்ளச் சொல்ல வேண்டியிருந்தது. செப்டம்பரில், திட்டத்தை மூட நேர்ந்தால் அதை எப்படிச் செய்வது என்ற பேச்சை அதன் தலைவரே எடுத்தார். திருத்தம் இருந்தது, நிரலாளர்கள் சிலர் இருந்தார்கள், பயனர்களுக்குப் பஞ்சமே இல்லை. பல இயங்குதளங்களுக்கும் பில்ட் செய்து, சோதித்து, வெளியே அனுப்பும் கைகள்தான் போதவில்லை. நீங்கள் அந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

ஆகவே அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் மூவருக்கும் ஒரே வேலைதான்: ஒரு வெளியீடு. அதில் புது அம்சம் எதுவும் வேண்டாம். நான்கு வருடத்தில் நிரலில் சேர்ந்துவிட்ட சின்னச் சின்னத் திருத்தங்களோடு, இன்றைய கம்பைலரில் (மூலநிரலை மொழிபெயர்க்கும் கருவியில்) பில்ட் ஆகிற, நிறுவினால் ஓடுகிற ஒரு பதிப்பு வந்தால் போதும்.

எதுவும் நிறுவப்படாத ஒரு கன்டெய்னரை (கணினிக்குள் தனியாக ஓடும் வெற்றுச் சூழலை) எடுங்கள். டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை ஒன்றின் இன்றைய பதிப்பைப் போட்டு, நிரலை முதலில் இருந்து பில்ட் செய்து பாருங்கள். என்ன நடக்கும் என்று ஓரளவு இப்போதே சொல்லிவிடலாம். முதலில், டெபியனில் க்யூட்டி 4 கிடைக்காது. டெபியன் 11 வந்தபோதே அதை எடுத்துவிட்டார்கள். அதனால் பாதியில் நிற்கும் அந்தக் க்யூட்டி 5 கிளையில்தான் தொடங்க வேண்டியிருக்கும். அடுத்து, ஜிசிசி என்ற கம்பைலர் 11-ஆம் பதிப்பு முதல் தானாகவே சி++ மொழியின் 2017 வடிவத்தை (சி++17) எடுத்துக்கொள்கிறது. 2006-இல் எழுதிய நிரலில் செயற்கூறுகளின் தலைப்பில் த்ரோ என்று போட்டு அடைப்புக்குறிக்குள் பிழை வகைகளை எழுதியிருப்பார்கள் இல்லையா, அந்த வரிகள் எல்லாம் பிழையாகும். ஜிசிசி 13-இல் ‘யூஇன்ட்8_டி என்றால் என்னவென்று தெரியாது’ என்கிற மாதிரிப் பிழைகள் வரிசை கட்டும். முன்பு வேறு ஹெடர்கள் (அறிவிப்புக் கோப்புகள்) வழியாகத் தானாக உள்ளே வந்த ‘சிஎஸ்டிடிஇன்ட்’ ஹெடரை இனி நீங்களே சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பிழைப் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். உட்கார்ந்தால் பெரும்பாலானவை ஒரு வரித் திருத்தங்கள்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். டெபியன், ஃபெடோரா, ஃப்ரீபிஎஸ்டி, ஆர்ச் போன்ற இயங்குதளங்களின் நிறுவல் பொதிகளில் உங்கள் நிரல் இருக்கிறதா, அல்லது முன்பு இருந்ததா என்று தேடுங்கள். இருந்தால் அதன் பேட்ச் கோப்புறையைத் திறந்து பாருங்கள். நீங்கள் வெளியீடு போடாத நான்கு வருடமும் அங்கே யாரோ ஒருவர் உங்கள் நிரலைப் புதுக் கம்பைலரோடு ஒத்துப்போக வைத்துக்கொண்டு இருந்திருப்பார். பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும். அப்புறம் இன்னொன்று: பிரதிபலன் பாராமல் உங்கள் நிரலைத் தொட்டுக்கொண்டிருந்த அந்தப் பேட்ச்காரர்தான், நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் நான்காவது ஆள். அவருக்கு நன்றி சொல்லி ஒரு மடல் எழுதுங்கள். ‘டெவலப்பர்கள் தேவை’ என்று இணையதளத்தில் போடும் அறிவிப்பால் வருகிறவர்களை விட இப்படிக் கிடைக்கிறவர்கள்தான் நிலைக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. கம்பைலரோ சோதனைக் கருவியோ குறை சொல்கிறது என்பதற்காக, புரியாத வரியை நீக்காதீர்கள். 2006-இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகப் பொதியில், ஒரு சோதனைக் கருவியின் எச்சரிக்கையை நிறுத்துவதற்காகச் சில வரிகளை முடக்கினார்கள். அந்த வரிகள்தான் தற்போக்கு எண்களுக்கு ஆதாரமாக இருந்தன. உருவாக்கிய குறியாக்கச் சாவிகள் எல்லாம் ஊகித்துவிடக்கூடியவையாகிப் போயின. 2008 மே மாதம்தான் அது வெளியே தெரிந்தது. தொடங்கியவர் போய்விட்ட திட்டத்தில் ‘இது எதற்கு?’ என்று கேட்க ஆள் இல்லை. அதனால் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றைத்தான் கேட்க வேண்டும்.

பில்ட் ஆனதும் அதன் படிகளை எழுதி வையுங்கள். பிறகு நண்பர்கள் இருவரில் பில்ட் பக்கமே போகாதவரிடம் கொடுத்து, நீங்கள் வாயே திறக்காமல் இருங்கள். அவர் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறாரோ அங்கேதான் வேலை இருக்கிறது. முக்கியமானது: அந்த வெளியீட்டை நீங்கள் போடாதீர்கள். டேக் (பதிப்பு அடையாளம்) போடுவது, கோப்புகளைக் கையொப்பமிடுவது, தளத்தில் ஏற்றுவது, அறிவிப்பு எழுதுவது என்று எல்லாவற்றையும் அவரே செய்யட்டும். இரண்டு பேருக்கு வெளியீடு போடத் தெரிந்த நாளில்தான் உங்கள் திட்டத்துக்கு உண்மையில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியும்.

க்யூட்டி மாற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 5.15-இல் நிறுத்தி, வெளியீடு போட்டு, அப்புறம் 6-ஐ யோசியுங்கள். 6-இல் நீக்கப்பட்ட பலவற்றுக்கும் 5.15 முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது, அதையே வேலைப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். கூடவே பில்ட் முறையையும் க்யூமேக்கில் இருந்து சிமேக்குக்கு மாற்றிவிடலாம் என்று கை அரிக்கும். வேண்டாம், க்யூமேக் இன்னும் வேலை செய்கிறது. உதவிப் பக்கம் காட்டுவதற்கு க்யூட்டி வெப்கிட் என்ற உள் பிரவுசரை வைத்திருந்தீர்கள் என்றால் கழற்றிவிடுங்கள். 5.6-இலேயே அதை எடுத்துவிட்டார்கள், பக்கத்தைப் பயனரின் பிரவுசரில் திறந்தால் போதும்.

உங்கள் நிரலில் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. க்யூட்டி 4, சாதாரண பைட் சரத்தை எழுத்தாக மாற்றும்போது அது லத்தீன்-1 குறியாக்கம் (எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் ஒரு முறை) என்று எடுத்துக்கொள்ளும். க்யூட்டி 5 அதையே யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்கிறது. ஆய்வகக் கருவிகளின் பழைய கோப்புகளில், நெடுவரிசைத் தலைப்பில் வெப்பநிலைக்கான ° குறியும் மைக்ரோவுக்கான µ குறியும் இருக்கும். லத்தீன்-1-இல் இவை ஒற்றை பைட்டுகள்; யூடிஎஃப்-8-இல் அந்த பைட் தனியாக வந்தால் செல்லாது. நிரல் கம்பைல் ஆகும், ஓடும், எண்களும் சரியாக வரும். µ மட்டும் கேள்விக்குறிக் கட்டமாகிவிடும். அலகைப் பார்த்து அளவை மாற்றும் பகுதி உங்கள் நிரலில் இருக்குமானால், அலகு புரியாமல் பெருக்கலை விட்டுவிடும். வரைபடம் பத்து லட்சம் மடங்கு தப்பாக வரும், பிழைச் செய்தி எதுவும் வராது. ஆய்வாளர் ஒருவர் அதை நம்பி முடிவு எழுதிவிட்டால் என்ன ஆகும்?

அதனால் மாற்றத்தைத் தொடுவதற்கு முன், இப்போது உங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பதிப்பைக் கொண்டே ஒரு வேலை செய்துவிடுங்கள். பயனர்களிடம் மாதிரிக் கோப்புகள் கேட்டு வாங்குங்கள். விதவிதமான கருவிகள், விதவிதமான வருடங்கள். ஒவ்வொன்றையும் பழைய பதிப்பில் திறந்து, சிஎஸ்வியாக (காற்புள்ளி பிரித்த எளிய அட்டவணையாக) ஏற்றுமதி செய்து நிரலின் களஞ்சியத்தில் சேருங்கள். புது பில்ட் ஒவ்வொன்றும் அதே கோப்புகளைத் திறந்து அதே சிஎஸ்வியைத் தருகிறதா என்று தானியங்கியாக ஒப்பிட்டுப் பாருங்கள். சோதனைகளே இல்லாத பழைய நிரலுக்கு இதைவிட மலிவான காவல் கிடையாது. நிரலின் உள்ளே என்ன நடக்கிறது என்று முழுதாகப் புரியாதவர்கூட இதை நம்பி மாற்றம் செய்யலாம். ‘செத்துவிட்டதா?’ என்று கேட்கும் பயனர்களுக்கும் இது ஒரு வேலை: கோப்பு அனுப்பச் சொல்லுங்கள், பலர் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

ரஸ்ட்டில் திருப்பி எழுதும் யோசனைக்கு என் பதில்: இப்போது கூடாது. ரஸ்ட்டின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்று பேரில் ஒருவர் புதியதற்குப் போய்விட்டால் பழையதைப் பார்க்க இரண்டு பேர்தான், அவர்களுக்கும் ‘எப்படியும் தூக்கிப் போடப் போவதுதானே’ என்ற எண்ணம் வந்துவிடும். நெட்ஸ்கேப் பிரவுசர் 1998-இல் பழைய நிரலை ஒதுக்கி முதலில் இருந்து தொடங்கியது, அதில் பிறந்த மொசில்லா 1.0 வந்தது 2002-இல். சம்பளம் வாங்கும் பெரிய குழுவுக்கே இந்தக் கதி. படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப் வேறு வழியில் போனது. அது நம்பியிருக்கும் திரை நூலகமான ஜிடிகேயின் 3-ஆம் பதிப்பு வந்தது 2011-இல். அதற்கு மாறிய ஜிம்ப் 3.0 வந்தது 2025 மார்ச்சில்; அதற்குள் ஜிடிகே 4 வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கேட்டால் பரிதாபமாக இருக்கும். ஆனால் ஜிம்ப் சாகவில்லை, ஏனென்றால் 2018-இல் 2.10-ஐ வெளியிட்டு, அந்த வரிசையிலேயே புது அம்சங்களோடு வெளியீடுகளைத் தொடர்ந்தார்கள். மாற்றம் பின்னால் நடந்தது, பயனர் கைக்குப் பதிப்பு வந்துகொண்டே இருந்தது. உங்கள் நண்பருக்கு ரஸ்ட்டில் ஆசை என்றால், கோப்பைப் படிக்கும் பகுதியை மட்டும் தனி நூலகமாக எழுதிப் பார்க்கட்டும். மேலே சொன்ன சிஎஸ்வி ஒப்பீடு அதற்கும் உதவும். ஆனால் அதுவும் முதல் வெளியீட்டுக்குப் பிறகுதான்.

முகம் தெரியாத அந்தப் புதியவர் விஷயத்தில் நீங்கள் தயங்குவது நியாயம்தான். எக்ஸ்இசட் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரே ஒருவர் சம்பளமில்லாமல் பராமரித்த சுருக்க நிரல் அது. 2021-இல் ஒரு புதிய ஆள் நல்ல பேட்ச்களோடு வந்தார். 2022-இல் வேறு சில பெயர்களில் மடல்கள் வந்தன: ஏன் தாமதம், பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று. சோர்ந்திருந்த பராமரிப்பாளர் வழிவிட்டார். 2024 பிப்ரவரியில் 5.6.0 பதிப்போடு ஒரு ரகசியப் பின்வாசல் உள்ளே வந்தது. தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நுழைவுக்கு அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார்.

இதிலிருந்து புதியவர்களையே சேர்க்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டால் உங்கள் திட்டம் பட்டினியால் செத்துவிடும். அந்தத் தாக்குதலின் ஒரு நுணுக்கத்தைப் பாருங்கள். தீய நிரலை ஓடவைக்கும் கண்ணி கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கையால் தயாரித்த டார் தொகுப்புக் கோப்பில்தான் இருந்தது. அதாவது ஓட்டை வெளியீட்டு முறையில் இருந்தது. அதனால் உங்கள் வெளியீட்டுக் கோப்பை எந்தத் தனிநபரின் கணினியும் தயாரிக்கக் கூடாது. டேக் போட்டதும் தானியங்கி சேவை களஞ்சியத்தில் இருந்தே கட்டட்டும், இன்னொருவர் அதே டேக்கில் இருந்து கட்டி ஒப்பிட்டுப் பார்க்கட்டும். புதியவருக்கு முதலில் வழுக்களை வகைப்படுத்தும் அனுமதி கொடுங்கள். சில மாதம் போனதும், மற்றொருவர் பார்த்துச் சரி சொன்னால் மட்டுமே சேர்க்க முடியும் என்ற கட்டுப்பாட்டோடு கமிட் அனுமதி. வெளியீட்டுச் சாவி கடைசியில்தான். இதே விதி உங்கள் மூவருக்கும் பொருந்தட்டும், அப்போதுதான் அவர் மனம் நோகாது. உண்மையாக வந்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார். யாராவது அவசரப்படுத்தினால் மட்டும் அப்படியே நிறுத்திவிடுங்கள்.

1,100 வழுக்களை யாரும் படிக்க வேண்டாம். தரவு கெடுவது, நிரல் விழுந்துவிடுவது, பில்ட் ஆகாதது ஆகிய மூன்று வகைகளை மட்டும் தேடி அடையாளம் போடுங்கள். மற்றவை திறந்தே கிடக்கட்டும், குற்ற உணர்ச்சி தேவையில்லை. ஆறு மாதம் பதில் இல்லை என்று தானாகவே மூடிவிடும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) இருக்கின்றன. எனக்கு அவை பிடிப்பதில்லை. நேரம் ஒதுக்கி எழுதியவருக்கு இயந்திரம் கதவைச் சாத்துவது மரியாதை இல்லை. அதற்குப் பதில் முகப்பிலேயே எழுதிவிடுங்கள்: நாங்கள் மூன்று பேர், இன்னின்ன வகை வழுக்களைத்தான் பார்க்கிறோம், வருடத்துக்கு ஒரு வெளியீடு. உங்களால் காப்பாற்ற முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். யாரும் பயன்படுத்தாத அம்சங்களையும் நீக்குங்கள். லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் 2013-இல் சேர்த்த ஜேஎன்டிஐ தேடல் வசதிதான் பாதுகாப்பு ஓட்டையாகி 2021 டிசம்பரில் உலகத்தையே கலக்கியது. தேவைப்பட்டவர்கள் சிலர்தான், ஆனால் வைத்திருந்த எல்லோரும் மாட்டினார்கள்.

நன்கொடை கேளுங்கள், ஆனால் ஆள் வைக்கலாம் என்ற கணக்கோடு வேண்டாம். மொசில்லா கைவிடப் பார்த்த தண்டர்பேர்டு மின்னஞ்சல் நிரல் நன்கொடையால் எழுந்து நின்றது உண்மை. 2022-இல் மட்டும் 64 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. அதற்குப் பயனர்கள் லட்சக்கணக்கில், கேட்பதற்கும் ஒரு குழு இருந்தது. உங்கள் அளவில் பொதுவான வேண்டுகோளால் சர்வர் செலவுக்கு வரும். அதைவிட, உங்கள் நிரலைத் தினமும் பயன்படுத்தும் ஆய்வகங்களிடமும் கருவி தயாரிப்பாளர்களிடமும் போய், ஒரு குறிப்பிட்ட வேலையைச் சொல்லிக் கேளுங்கள்: க்யூட்டி 6 மாற்றம், அதற்கு இத்தனை வாரம், இவ்வளவு தொகை. பணமாகத் தர முடியாதவர்கள் தங்கள் நிரலாளர் ஒருவரை மாதத்தில் சில நாட்கள் அனுப்பலாம். எனக்குக் கேட்டால் அதுதான் பணத்தைவிட நல்லது, ஏனென்றால் உங்களுக்கு இப்போது இல்லாதது நேரம்.

மூடுவதைப் பற்றி: அதில் அவமானம் எதுவும் இல்லை. அப்பாச்சி நிறுவனம் ஓய்வுபெற்ற திட்டங்களுக்காகவே 2008-இல் அட்டிக் என்று ஓர் இடம் வைத்தது. சர்வர் நிரல்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில், வெளியிலிருந்து வரும் இணையக் கோரிக்கைகளை உள்ளே அனுப்பும் இன்கிரஸ் என்ஜின்எக்ஸை ஒன்றிரண்டு பேர்தான் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2026 மார்ச்சுக்குப் பிறகு பராமரிப்பு இல்லை என்று 2025 நவம்பரிலேயே தேதி சொன்னார்கள். தேதி சொல்லாமல் மௌனமாகப் போவதுதான் தப்பு. ஆனால் உங்களுக்கு இன்னும் அந்த நேரம் வரவில்லை என்று நினைக்கிறேன். ஒரு வருடத்துக்குள் அந்த வெளியீட்டைப் போட முடியவில்லை என்றால், அல்லது போட்ட பிறகு மூவரில் யாருக்கும் இரண்டாவதைப் போட மனமில்லை என்றால், அப்போது மூடுங்கள். மாதிரிக் கோப்புகளையும் கோப்பு வடிவங்களின் விளக்கத்தையும் பொதுவில் வைத்துவிட்டு மூடுங்கள். அடுத்து எழுதுகிறவருக்கு நிரலைவிட அவைதான் தேவைப்படும்.

கடைசியாக அந்த இணையதள முகவரி. இதைத் தள்ளிப் போடாதீர்கள். விம் எடிட்டரை எழுதிய பிராம் மூலனார் 2023 ஆகஸ்டில் காலமானார். பல ஆண்டுகளாகக் கூடவே இருந்த பங்களிப்பாளர்கள் பொறுப்பேற்று, 2024 ஜனவரியில் 9.1-ஐ வெளியிட்டு அவருக்கே அர்ப்பணித்தார்கள். எல்லாத் திட்டங்களுக்கும் அப்படி ஆட்கள் கூடவே இருந்துவிடுவதில்லை. உங்கள் நிறுவனர் இருக்கிறார், கேட்டால் கொடுப்பார். இணைய முகவரிப் பதிவுகளைக் காட்டும் ஹூயிஸில் தேடினால் முகவரி எப்போது காலாவதியாகிறது என்று தெரியும். அவருக்கு ஒரு மடல் எழுதி முகவரி, கையொப்பச் சாவி, களஞ்சியத்தின் உரிமையாளர் கணக்கு, பழைய சர்வரின் காப்பு என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டு வாங்குங்கள். உங்களில் ஒருவர் பெயருக்கு மாற்றினால் பத்து வருடம் கழித்து இதே கடிதத்தை வேறொருவர் எழுத வேண்டியிருக்கும். மென்பொருள் திட்டங்களின் பணத்தையும் சொத்தையும் அவர்கள் சார்பில் வைத்துக்கொள்ளும் அமைப்புகள் உண்டு. டெபியனுக்காக 1997-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் இன் த பப்ளிக் இன்ட்ரஸ்ட் அப்படி ஒன்று, சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி இன்னொன்று. சேர்த்துக்கொள்வார்களா என்று விண்ணப்பித்துப் பாருங்கள். பதில் வரும்வரை நிறுவனர் பெயரிலேயே இருக்கட்டும், ஆனால் கடவுச்சொல் உங்களில் இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும்.